திங்கட்கிழமை மட்டும் 42 கணினிகள் தனிமை விலேனுக்குப் போகின்றன, மற்ற நாளில் சமத்தாக இருக்கின்றன

லேப்3_பொறுப்பு:

வணக்கம். ஒரு பொறியியல் கல்லூரியில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். 6 லேப், 362 கணினி, நான், ஒரு லேப் அசிஸ்டென்ட், ஒரு ஸ்க்ரூடிரைவர் செட். அவ்வளவுதான் எங்கள் டிபார்ட்மென்ட்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எங்கள் லேப் 3இல் உள்ள 60 கணினிகளும் 2014இல் வாங்கியவை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் விண்டோஸ் 11க்குப் போக வழியில்லை. புதிதாக வாங்கவும் இப்போது பணம் இல்லை. அதனால் நிர்வாகம் சொன்னது இது: பழைய கணினி இன்டர்நெட்டைத் தொடக்கூடாது, லேப் சர்வரை மட்டும் பார்க்கலாம். புதியது எல்லாவற்றையும் தொடலாம். மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து செருகும் லேப்டாப் எதையுமே தொடக்கூடாது. "எல்லாம் தானா நடக்கணும்" என்று பிரின்சிபால் ஒரே மீட்டிங்கில் மூன்று முறை சொன்னார்.

நான் செய்தது: கணினிகளின் கேபிள் வந்து சேரும் ஸ்விட்ச் போர்ட்டுகளில் 802.1எக்ஸ் போட்டேன், அதாவது அடையாளம் காட்டினால்தான் போர்ட் உள்ளே விடும். ஒவ்வொரு கணினிக்கும் குரூப் பாலிசி (எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் விண்டோஸ் வசதி) வழியாகத் தானாகவே அந்த அடையாளச் சான்றிதழ் போய்ச் சேர்ந்துவிடும். கணினி எந்தக் குழுவில் இருக்கிறது என்று பார்த்து, அடையாளத்தைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் ஒரு விலேன் எண் கொடுக்கும், அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த தனித்தனி நெட்வொர்க்கில் ஒன்றின் எண். புதியதற்கு 20, பழையதற்கு 30. சான்றிதழ் சரியில்லை என்றால் 99. அந்த 99இல் ஐபி மட்டும் கிடைக்கும், "சிஸ்டம் அட்மினை அணுகவும்" என்று ஒரு பக்கம் வரும், வேறு ஒன்றும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து சோதித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை காலை 9:30க்கு லேப் 3இல் டேட்டாபேஸ் மாடல் பிராக்டிகல். 60இல் 42 கணினிகள் 99க்குப் போய்விட்டன. மாணவர்கள் எல்லாரும் திரையில் தெரிந்த பக்கம் சொன்னபடியே சிஸ்டம் அட்மினை அணுகினார்கள். ஒரே நேரத்தில்.

அந்த லேப் ஸ்விட்சில் மட்டும் இந்த 802.1எக்ஸ் பாலிசியைக் கழற்றிவிட்டுத் தேர்வை முடித்தோம். செவ்வாய் இரவு மறுபடி போட்டேன். புதன் முதல் சனி வரை ஒரு கணினிகூட முரண்டு பிடிக்கவில்லை. சரி, ஏதோ ஒருநாள் கோளாறு என்று விட்டுவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை மறுபடி அதே கதை. ஏறக்குறைய அதே கணினிகள். சான்றிதழ் காலாவதி ஆகவில்லை, 2027 வரை இருக்கிறது. ரேடியஸ் லாகில் தெளிவான நிராகரிப்பும் இல்லை. பேச்சு பாதியில் அறுந்தமாதிரி இருக்கிறது. மற்ற ஐந்து லேப்களில் (2019, 2022இல் வாங்கியவை) ஒரு பிரச்சினையும் இல்லை.

கூடவே இரண்டு சின்னக் கேள்விகள். பென்டிரைவ் தடைக்கு ஒரு குரூப் பாலிசி எழுதி, 'மாணவர்கள்' குழுவுக்கு மட்டும் போகும்படி வடிகட்டினேன். மாணவர் கணக்கில் நுழைந்தால் பென்டிரைவ் ஜோராகத் திறக்கிறது. இன்னொன்று, வராந்தாவில் இருக்கும் கைரேகை வருகைப்பதிவுக் கருவிகள் 9. அவற்றின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) அனுமதிப் பட்டியலில் சேர்த்தும் கரண்ட் போய் வந்தால் நெட்வொர்க்கில் வருவதில்லை.

தானியங்கியே வேண்டாம் என்று எல்லாவற்றையும் கழற்றிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

மதுரைக்காரி:

உங்கள் திங்கட்கிழமைப் பேயை வேறு யாராவது ஓட்டட்டும். பென்டிரைவுக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதே குழியில் நானும் விழுந்து எழுந்தவள்.

வடிகட்டும்போது அந்தப் பட்டியலில் இயல்பாக இருக்கும் 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்பதை எடுத்துவிட்டு 'மாணவர்கள்' என்று போட்டிருப்பீர்கள். 2016 ஜூனுக்கு முன்னால் அது சரி. அந்த மாதம் வந்த எம்எஸ்16-072 என்ற பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, பயனருக்கான பாலிசியையும் கணினிதான் தன் அடையாளத்தில் போய் எடுத்து வருகிறது. கணினிக்கே படிக்க அனுமதி இல்லை என்றால் பயனருக்கு எப்படிப் போய்ச் சேரும்? டெலிகேஷன் பக்கத்தில் 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவைச் சேர்த்து, படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். 'அப்ளை' கொடுக்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று. மாணவர் கணக்குகள் தனி ஓயுவில் (டொமைனில் கணக்குகளையும் கணினிகளையும் பிரித்துவைக்கும் அடுக்கு) இருக்கின்றனவா? பாலிசியை லேப் கணினிகளின் ஓயுவில் மாட்டியிருக்கிறீர்களா? அப்படியென்றால் லூப்பேக்கும் வேண்டும், அதாவது கணினியின் ஓயுவில் மாட்டிய பயனர் அமைப்பை அங்கே நுழைபவருக்கும் பொருத்தும் வசதி. இல்லாவிட்டால் பயனர் பக்க அமைப்பு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காது. லூப்பேக்கில் 'மெர்ஜ்' (பயனரின் சொந்த அமைப்போடு சேர்ப்பது) போதும், 'ரீப்ளேஸ்' (அதை எடுத்துவிட்டு மாற்றுவது) வேண்டாம். நான் 'ரீப்ளேஸ்' போட்டு, லேபில் நுழைந்த ஆசிரியர்களுக்கெல்லாம் நெட்வொர்க் டிரைவ் காணாமல் போய், இரண்டு நாள் தலைமறைவாக இருந்தேன்.

மாற்றிவிட்டு உடனே பார்த்துத் திட்டாதீர்கள். குரூப் பாலிசி தானாகப் புதுப்பிக்க 90 நிமிடம், அதற்குமேல் 30 நிமிடம் வரை கூடவும் ஆகலாம். அவசரமென்றால் ஒரு கணினியில் ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ் கட்டளையைக் கொடுத்து, ஜிபிரிசல்ட் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். எது வந்தது, எது வரவில்லை என்று அதில் தெரியும்.

கிராமத்து_ரவுட்டர்:

கொஞ்சம் கடுப்பாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். லேப் மேசைக்குக் கால் முளைத்து நடக்கிறதா? லேப் 3இல் உள்ள கணினி லேப் 3இல்தானே இருக்கப்போகிறது? அந்த லேபின் எல்லா ஸ்விட்ச் போர்ட்டையும் கையால் விலேன் 30இல் போட்டுவிட்டு, ஒரு போர்ட்டுக்கு ஒரு மேக் முகவரி என்று போர்ட் செக்யூரிட்டி வைத்தால் முடிந்தது. அரை நாள் வேலை. அதற்குப் போய் ரேடியஸ், சான்றிதழ், ஆட்டோ என்ரோல்மென்ட் என்று கொசுவை அடிக்கக் கோடாலி எடுத்திருக்கிறீர்கள். "தானா நடக்கணும்" என்று சொன்னவரிடம், ஏற்கனவே தானாகத்தான் நடக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அவர் ஸ்விட்ச் ரூமுக்கு வந்து பார்க்கப்போவதில்லை.

பழைய_கேபிள்:

தம்பி, முதலில் இரண்டு கேள்வி. சனிக்கிழமை சாயந்திரம் லேப் 3இன் மெயின் ஸ்விட்சை யாராவது இறக்குகிறார்களா? திங்கட்கிழமை காலையில் அந்தக் கணினிகள் ஏறும்போது கறுப்புத் திரையில் நின்று, எஃப்1 அழுத்தச் சொல்கிறதா? லேப் அசிஸ்டென்டைக் கேட்டுப் பாருங்கள். உங்களைக் கேட்டால் தெரியாது, ஏனென்றால் எஃப்1 அழுத்துகிறவர் அவர்.

இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால், உங்கள் பிரச்சினை மதர்போர்டில் இருக்கும் ரூபாய் நாணயம் அளவு பேட்டரி. சிஆர்2032. 2014இல் வந்த கணினியில் அது இந்நேரம் செத்துப்போயிருக்கும். வாரநாளில் கணினியை ஷட்டவுன் செய்தாலும் பிளக்கில் கரண்ட் இருப்பதால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை மெயினை இறக்கினால் கடிகாரம் நின்றுபோகும். திங்கட்கிழமை எழும்போது அந்தக் கணினிக்கு அன்று 2014 ஜனவரி 1. நேற்று பிறந்த குழந்தை மாதிரி முழிக்கும்.

இப்போது அதனிடம் ரேடியஸ் சர்வர் தன் சான்றிதழை நீட்டுகிறது. 2025 முதல் செல்லும் என்று போட்டிருக்கிறது. கணினியின் கணக்கில் 2025 வர இன்னும் 11 வருடம் இருக்கிறது. "இது இன்னும் செல்லாத சான்றிதழ்" என்று அதுதான் சர்வரை நிராகரிக்கிறது. சர்வர் நிராகரிக்கவில்லை. அதனால்தான் உங்கள் லாகில் பேச்சு பாதியில் அறுந்தமாதிரி தெரிகிறது. ஸ்விட்ச் இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு 99இல் தள்ளுகிறது.

ஏன் இத்தனை வருடம் தெரியவில்லை? பாலிசி இல்லாத காலத்தில் கணினி நேராக நெட்வொர்க்குக்குள் வந்து, டொமைன் கண்ட்ரோலரிடம் (கல்லூரிக் கணினிகளையும் கணக்குகளையும் நிர்வகிக்கும் சர்வர், சுருக்கமாக டிசி) மணி கேட்டு, ஒரு நிமிடத்தில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நோய் இருந்தது, ஒவ்வொரு திங்கட்கிழமையும் மருந்து தானாகக் கிடைத்தது. நீங்கள் 99இல் அந்த மருந்துக் கடையைப் பூட்டிவிட்டீர்கள். மணி தப்பு என்பதால் தனிமை. தனிமையில் இருப்பதால் மணியைச் சரிசெய்ய வழியில்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்பார்களே, அதேதான்.

பேட்டரி மாற்றுவது ஒரு பக்கம் இருக்கட்டும். 99இன் விதியை முதலில் மாற்றுங்கள். தனிமை விலேன் ஜெயில் இல்லை, ஆஸ்பத்திரி. உள்ளே வந்தது குணமாகி வெளியே போகத் தேவையானது அங்கே இருக்க வேண்டும். ஒவ்வொரு நெட்வொர்க் சேவைக்கும் ஓர் எண் உண்டு (அதையும் போர்ட் என்பார்கள், ஸ்விட்சின் துளை இல்லை): மணிக்கு யுடிபி 123, பெயர் தேட 53, டொமைன் கண்ட்ரோலர் எங்கே என்று கண்டுபிடிக்க 389. இந்த மூன்றும் உங்கள் டிசியின் ஐபிக்கு மட்டும். வெறும் 123 திறந்தால் போதும் என்று நினைப்பீர்கள், போதாது. டொமைனில் சேர்ந்த கணினி முதலில் டிசியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மணி கேட்கும். வெளி லேப்டாப்பும் அதே 99க்குத்தானே வருகிறது, அதற்கு டிசியைக் காட்டலாமா என்று கேட்டால், நியாயமான கேள்வி. தோற்ற கணினிக்கு ஒரு விலேன், 802.1எக்ஸே பேசாத கருவிக்கு வேறொரு விலேன் என்று ஸ்விட்சில் தனித்தனியாக வைக்க முடியும். பிரித்துவிடுங்கள்.

கிராமத்து_ரவுட்டர் சொல்வதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். லேப் 3க்கு மட்டும் என்றால் அவர் சொல்வதுதான் சரி, நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் 362 கணினி, வராந்தா பாயின்ட், கருத்தரங்கக் கூடம் எல்லாவற்றுக்கும் மேக் முகவரியைக் கையால் எழுதிக்கொண்டிருந்தால், ஒரு கணினி மதர்போர்டு மாறும்போதெல்லாம் உங்களுக்கு போன் வரும். அதுவும் போக, மேக் முகவரியை மாற்றத் தெரியாத மூன்றாம் ஆண்டு மாணவன் இன்று கிடையாது.

இனி, கழற்றிவிடலாமா என்று கேட்டீர்களே, அதற்கு என் கதை.

2017 மே 12. வான்னாக்ரை, அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வைரஸ், பரவிய நாள். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்த செய்தி வந்தபோது நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14ஆம் தேதியே வந்துவிட்டது. போட்டிருந்தோமா? பாதிக் கணினியில். மீதியில் போடச் சொல்லிக் கெஞ்சுவதைவிட, திருத்தம் இல்லாத கணினியைக் கண்டுபிடித்து அதன் போர்ட்டைத் தானாக மூடும் ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்க்கும், பழைய முறையில் பதில் சொன்னால் அந்தக் கணினியின் மேக் முகவரி, மாடி ஸ்விட்சுகள் எல்லாம் வந்து சேரும் கோர் ஸ்விட்சில் எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று தேடும், அந்தப் போர்ட்டை மூடும். எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அன்று இரவு 2:10க்கு போன். மூன்றாம் மாடி ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து இரவுப் பணி டெக்னீஷியன். "சார், மெஷின் ஓடுது, ரிப்போர்ட் போகல." அடுத்த நிமிடம் அதே மாடி மருந்தகக் கவுண்டர். அதற்கடுத்து பிரசவ வார்டு.

என்ன நடந்தது என்றால், பரிசோதனை இயந்திரத்தோடு வந்த கணினியில் திருத்தம் இல்லை. அதில் நாங்கள் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று விற்றவர்கள் ஸ்டிக்கரே ஒட்டியிருந்தார்கள். அதன் மேக் முகவரி கோர் ஸ்விட்சில் எங்கே தெரியும்? மூன்றாம் மாடி ஸ்விட்ச் வந்து சேரும் அப்லிங்க் போர்ட்டில். என் ஸ்க்ரிப்ட் ஒரு கணினியை மூடவில்லை, ஒரு மாடியை மூடியது.

வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து போர்ட்டைத் திறந்தேன். டெக்னீஷியன் "வந்துடுச்சு சார்" என்றார். போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துத் திரும்பினால் மறுபடி போன். 5 நிமிடம் ஆகிவிட்டதல்லவா, ஸ்க்ரிப்ட் மறுபடி வந்து மூடிவிட்டுப் போயிருக்கிறது. நான் திறக்க, அது மூட, இப்படி மூன்று தடவை. தூக்கக் கலக்கத்தில் ஸ்க்ரிப்டையே நிறுத்த வேண்டும் என்று தோன்ற 20 நிமிடம் ஆனது.

அதற்குப் பிறகும் தானியங்கியை விடவில்லை. ஆனால் கயிறு கட்டினேன். அப்லிங்க் போர்ட்டுகள் ஒரு தனிப் பட்டியலில் இருக்கும், எந்த ஸ்க்ரிப்டும் அவற்றைத் தொடாது. ஒரு மணி நேரத்தில் 5 கருவிக்குமேல் மூட வேண்டி வந்தால், மூடாமல் நின்று எனக்கு மெசேஜ் அனுப்பும். ஒரே நேரத்தில் 42 கணினி கெட்டுப்போகிறது என்றால், கெட்டது பெரும்பாலும் பாலிசிதான். நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று என்னைத் தவிர இன்னொருவருக்கும் தெரியும்.

உங்களுக்கும் அதையே சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை போட்டுத் திங்கட்கிழமை திறப்பு விழா நடத்தாதீர்கள். 802.1எக்ஸில் ஓப்பன் மோட் இருக்கிறது: சான்றிதழைச் சரிபார்க்கும், தோற்றாலும் உள்ளே விடும், லாகில் மட்டும் எழுதிவைக்கும். மூன்று வாரம் அப்படி ஓட்டியிருந்தால், முதல் திங்கட்கிழமையே 42 வரி சிவப்பில் வந்திருக்கும், பிராக்டிகலும் நடந்திருக்கும்.

லேப்3_பொறுப்பு:

அண்ணா, இப்போதுதான் லேப் அசிஸ்டென்டைக் கேட்டேன். "ஆமா சார், திங்கக்கிழமை எஃப்1 தட்டினாத்தான் வரும், அது எப்பவும் அப்படித்தானே" என்கிறார். எப்பவும் என்றால் எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "நான் சேர்ந்ததுலேர்ந்து" என்றார். அவர் சேர்ந்து நாலு வருடம். சனிக்கிழமை மெயினை இறக்குவது வாட்ச்மேன், ஒரு முறை ஏசியில் புகை வந்ததிலிருந்து அது வழக்கம். என் ஞாயிற்றுக்கிழமைச் சோதனையில் ஏன் மாட்டவில்லை என்றால், மெயினைப் போட்டதும் பாலிசி இல்லாமல்தான் எல்லாவற்றையும் ஏற்றினேன். மணி சரியான பிறகுதான் பாலிசியையே போட்டிருக்கிறேன்.

மதுரைக்காரி அக்கா, 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' சேர்த்தேன், லூப்பேக் மெர்ஜ் போட்டேன். பென்டிரைவ் மூடிக்கொண்டது. முதல் புகார் ஒரு பேராசிரியரிடமிருந்து வந்திருக்கிறது, மாணவர் கணக்கில்தான் அவர் இத்தனை நாள் நுழைந்துகொண்டிருந்தாராம்.

நைட்ஷிப்ட்:

கைரேகைக் கருவிக்கு நான். ஸ்விட்ச் முதலில் அந்தக் கருவியிடம் 802.1எக்ஸ் பேச்சு கொடுத்துப் பார்க்கும். சிஸ்கோ ஸ்விட்சில் இயல்பாக 30 விநாடி வீதம் 3 முறை, மொத்தம் 90 விநாடி. அது ஊமை என்று தெரிந்த பிறகுதான் மேக் முகவரியைப் பார்த்து உள்ளே விடும். கருவி அதற்குள் ஐபி கேட்டுக் கேட்டு அலுத்து உட்கார்ந்துவிடும். கரண்ட் போய் வந்தால் மட்டும் வராததற்கு இதுதான் காரணமாக இருக்கும். அந்த 9 போர்ட்டுகளில் காத்திருப்பைக் குறையுங்கள், அல்லது மேக் சோதனையை முதலில் வைத்து 802.1எக்ஸை இரண்டாவதாக வையுங்கள்.

மேக் முகவரியை நம்பி உள்ளே விடும் கருவிகளை அடைத்த விலேனில் வையுங்கள். கைரேகைக் கருவிக்கு அதன் சர்வர் ஒன்று போதும். உலகத்தோடு அதற்கு என்ன பேச்சு?

அடுத்து வைஃபைக்கும் இதே பாலிசி என்று பிரின்சிபால் சொல்வார், இப்போதே எச்சரிக்கிறேன். போன்களை மேக் முகவரி வைத்துப் பட்டியல் போடாதீர்கள். ஆண்ட்ராய்டு 10 வந்த 2019இலிருந்தும், ஐஓஎஸ் 14 வந்த 2020இலிருந்தும் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரியைத்தான் காட்டுகின்றன. கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது கம்பெனி கொடுத்த முகவரி இல்லை. நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் ஒரே விருந்தாளிக்கு 'புதிய கருவி' என்று ஐந்து முறை அனுமதி கொடுத்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

கிராமத்து_ரவுட்டர்:

பேட்டரி என்று நான் நினைக்கவேயில்லை. பழைய_கேபிளுக்கு ஒரு டீ. ஆனாலும் லேப் 3க்கு நிலையான விலேன்தான் போதும் என்பதில் மாற்றமில்லை.

லேப்3_பொறுப்பு:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் 99ஐப் பிரித்தேன். தோற்ற கல்லூரிக் கணினிக்கு 98, வெளி லேப்டாப்புக்கு 99. 98இல் டிசிக்கு மட்டும் 53, 123, 389. பெருமைக்காகச் சொல்லவில்லை, அண்ணா சொன்னதைக் கேட்காமல் முதலில் 123 மட்டும் திறந்து பார்த்தேன். கணினி 2014லேயே உட்கார்ந்திருந்தது. மூன்றையும் திறந்ததும் மணி சரியானது, கையில் வாட்சோடு நின்று பார்த்தேன், 40 விநாடிக்குள். ஆனால் மணி சரியாகியும் கணினி 98லேயே கிடந்தது. ஏனென்று பார்த்தால், மறுபடி சான்றிதழ் கேட்க எங்கள் ஸ்விட்ச் 1 மணி நேரம் காத்திருக்கும்படி வைத்திருந்தேன். 2 நிமிடம் ஆக்கினேன். இப்போது மெயினை இறக்கி ஏற்றினால், எந்தக் கணினியையும் கையால் தொடாமல் நாலு நிமிடத்துக்குள் எல்லாம் 30க்கு வந்துவிடுகின்றன. எஃப்1 தட்டுவதைத் தவிர.

எஃப்1க்காக பேட்டரி. சனிக்கிழமை ஒவ்வொன்றாகத் திறந்து மல்டிமீட்டர் வைத்தோம். 3 வோல்ட் இருக்க வேண்டியது பெரும்பாலும் 2.1, 1.9. ஒன்று 0.4. நல்லபடி இருந்த 18இலும் பாதி 2.7ஐத் தாண்டவில்லை, அடுத்த வருடம் அவையும் இந்தப் பட்டியலில் சேரும். ஆகவே 60க்கும் கேட்டேன். ஒன்று 25 ரூபாய், மொத்தம் 1500 ரூபாய். ஃபயர்வாலுக்கு ஒரே நாளில் கையெழுத்துப் போட்ட அலுவலகம், பேட்டரிக்கு மூன்று கொட்டேஷன் கேட்டது. கடைக்காரர் மூன்று லெட்டர்பேடில் அவரே எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை 8 மணிக்கே லேபில் போய் நின்றுகொண்டேன். 58 நேராக 30க்கு வந்தன. ஒன்றில் லேப் அசிஸ்டென்ட் பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருந்தார். இன்னொன்றில் எலி கேபிளைக் கடித்திருந்தது, அதற்கு எந்தப் பாலிசியும் காரணமில்லை.

வைஃபை பக்கம் இன்னும் போகவில்லை. மற்ற லேப்களை ஓப்பன் மோடுக்கு மாற்றி லாகை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறேன். நல்லதாகப் போயிற்று, லேப் 5இல் கணினியின் பெயரையே மாற்றாமல் ஒரே இமேஜை (எல்லாம் நிறுவிய டிஸ்க்கின் நகல்) போட்ட மூன்று கணினிகள் ஒரே பெயரில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது இப்போதுதான் தெரிகிறது. ஒரு மணி நேரத்தில் 5க்குமேல் தோற்றால் நிறுத்திவிட்டு மெசேஜ் அனுப்பும் ஸ்க்ரிப்டும் எழுதிவிட்டேன். நிறுத்தும் முறையை லேப் அசிஸ்டென்டுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஸ்விட்ச் ரூம் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டார், கொட்டை எழுத்தில்.

பழைய_கேபிள்:

நல்லது தம்பி. அந்தத் தாளில் தேதி போட்டுவையுங்கள், ஆறு மாதம் கழித்து அது சரியா தப்பா என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் விலக்குப் பட்டியல். எதையெதை மேக் முகவரி மட்டும் பார்த்து உள்ளே விடுகிறீர்களோ, ஒவ்வொன்றுக்கும் கேட்டவர் யார், எதுவரை என்று எழுதுங்கள். முடிவுத் தேதி இல்லாத விலக்கு கொடுக்காதீர்கள்.

மதுரைக்காரி:

அந்தப் பட்டியலில் முதல் வரி யாருடையது என்று தெரிந்துகொள்ள ஆசை.

லேப்3_பொறுப்பு:

சேர்மன் அறை டிவி. எதுவரை என்ற கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அவருடைய பி.ஏ.விடம் கேட்டிருக்கிறேன்.